ஒருமுக பில்ட்டா, கலப்பு பில்ட்டா? புள்ளியைச் செலவிடும் முன் ஒப்பிட வேண்டியவை

லெவல் ஏறியதும் திரையின் அடியில் ஒரு கூட்டல் குறி தோன்றுகிறது. டயாப்லோ 2 என்ற கணினி ஆட்டத்தில் அதற்கு, வலிமை போன்ற அடிப்படை எண்களை உயர்த்தும் 5 ஸ்டேட் புள்ளிகளும், மந்திரம் போன்ற திறமைகளை உயர்த்தும் 1 ஸ்கில் புள்ளியும் கைக்கு வந்திருக்கின்றன என்று பொருள். 99-ஆவது லெவல் வரை ஏறி, மூன்று கடின நிலைகளிலும் உரிய குவெஸ்ட்டுகளை (ஆட்டம் தரும் பணிகளை) முடித்தவருக்கு மொத்தம் 110 ஸ்கில் புள்ளிகள் சேரும். ஒரு ஸ்கில்லில் அதிகபட்சம் 20 புள்ளிகள் போடலாம் என்பதால், ஒரு வகுப்பின், அதாவது கதாபாத்திர வகையின், 30 ஸ்கில்களில் முழுமையாக நிரப்பக்கூடியவை ஐந்துதான். இந்தப் புள்ளிகளை எங்கெங்கே போடுவது என்ற திட்டத்தைத்தான் பில்ட் என்கிறார்கள். ஆட்டம் வெளிவந்த 2000-ஆம் ஆண்டு முதல் 2010 வரை, ஒருமுறை போட்ட புள்ளியைத் திரும்ப எடுக்க வழியே இருக்கவில்லை. அந்த நாள்களில் நான் அடுத்தடுத்து இரண்டு சூனியக்காரிகளை வளர்த்தேன். இருவருமே ஹெல் என்ற கடைசிக் கடின நிலையில் முடங்கிப் போனார்கள், அதுவும் நேர் எதிரான இரண்டு காரணங்களால்.

முதலாமவள் நெருப்பு மட்டுமே கற்றவள். நார்மல், நைட்மேர் என்ற இரண்டு நிலைகளையும் எரித்துக்கொண்டே கடந்தாள். ஹெல்லில் நுழைந்த சிறிது நேரத்திலேயே, நெருப்பு பாதிக்காது என்ற வரியைப் பெயருக்குக் கீழே தாங்கிய ஒரு கூட்டம் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. அதற்கு எதிராக அவளிடம் ஒன்றுமே இல்லை. அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தவளைத் தொடங்கி, நெருப்பையும் பனியையும் அவளுக்குச் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தேன். அவளால் தொட முடியாத மான்ஸ்டர் அனேகமாக இல்லை. ஆனால் எதையும் சாய்க்க அவளுக்கு மூன்று மடங்கு நேரம் ஆனது, அதற்குள் மற்றவை அவளைச் சாய்த்துவிட்டன.

புதிதாக ஆடத் தொடங்குபவர்கள் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதைப் பற்றியதாகவே இருக்கிறது: எல்லாப் புள்ளிகளையும் ஒரே திறமையில் குவிக்கும் ஒருமுக பில்ட் நல்லதா, இரண்டு மூன்று திறமைகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் கலப்பு பில்ட் நல்லதா? அனுபவசாலிகள் யோசிக்காமலே ஒருமுகம் என்பார்கள். பெரும்பாலான நேரங்களில் அந்த விடை சரிதான் என்றாலும், அதற்கு அவர்கள் சொல்லும் காரணம் பல சமயம் தவறாக இருக்கிறது. காரணம் தவறாக இருந்தால், விதிவிலக்கு எங்கே வரும் என்பது தெரியாமல் போய்விடும். என் கணக்கில் பார்க்க வேண்டியவை இரண்டு. நம் கதாபாத்திரம் செய்யப்போகும் வேலைகள் ஒரே எண்களைச் சார்ந்து நிற்கின்றனவா, வெவ்வேறு எண்களைச் சார்ந்து நிற்கின்றனவா என்பது முதலாவது. தவறு செய்தால் அதைத் திருத்த அந்த ஆட்டம் என்ன விலை கேட்கிறது என்பது இரண்டாவது.

எண்கள் எந்தப் பக்கம் சாய்கின்றன

புள்ளிகளைக் குவிப்பதா பரப்புவதா என்பதை முதலில் தீர்மானிப்பது ஆட்டத்தின் கணக்கு விதி. ஆடுபவரின் விருப்பம் அதற்குப் பிறகுதான். 2002-இல் வந்த ராக்னராக் ஆன்லைன் ஆட்டத்தின் பழைய விதிகளை எடுத்துக்கொள்வோம். வலிமை, வேகம், உடல்திடம், அறிவு, கைத்திறன், அதிர்ஷ்டம் என ஆறு ஸ்டேட்கள் அதில் உண்டு, ஒவ்வொன்றும் 99 வரை ஏறும். தொடக்கத்தில் ஒரு படி ஏற்ற 2 புள்ளிகள் போதும். ஒவ்வொரு பத்துப் படிக்கும் விலை ஒன்று கூடி, 90-ஐக் கடந்தபின் ஒரு படிக்கு 11 புள்ளிகள் ஆகின்றன. ஒரு ஸ்டேட்டை 1-இலிருந்து 50-க்கு ஏற்ற 194 புள்ளிகளும், 99-க்கு ஏற்ற 628 புள்ளிகளும் தேவைப்படும். அதாவது ஒரு 99-இன் விலையில் மூன்று 50-களை வாங்கிவிடலாம். 99-ஆவது லெவலை எட்டியவரின் மொத்தக் கையிருப்பு சுமார் 1,270 புள்ளிகள் என்பதால், இரண்டு ஸ்டேட்களை உச்சத்துக்குக் கொண்டுபோனால் மற்ற நான்குக்கும் ஏறத்தாழ ஒன்றும் மிஞ்சாது.

விலைப்பட்டியலை மட்டும் பார்த்தால், பரப்புவதே புத்திசாலித்தனம் என்று தோன்றும். ஆனால் அதே ஆட்டத்தில் பலன் வேறு விதமாக வளர்கிறது. கைகலப்புப் போர்வீரனின் அடிப்படைத் தாக்குதலில் வலிமையின் பங்கைக் கணக்கிடும்போது, வலிமை எண்ணோடு அதைப் பத்தால் வகுத்துக் கிடைக்கும் முழு எண்ணின் வர்க்கமும் சேர்க்கப்படுகிறது. வலிமை 80 என்றால் 80-உடன் 64 சேர்ந்து 144. வலிமை 89 என்றால் 89-உடன் அதே 64 சேர்ந்து 153. வலிமை 90 ஆனதும் 90-உடன் 81 சேர்ந்து 171. எண்பதிலிருந்து எண்பத்தொன்பதுக்குப் போக ஏறக்குறைய 90 புள்ளிகளைக் கொட்டியவருக்குக் கிடைத்த லாபம் 9. அடுத்த ஒரே படிக்கு 10 புள்ளிகள் கொடுத்தவருக்குக் கிடைத்தது 18. 89-இல் நிறுத்திக்கொண்ட போர்வீரன் கடை வாசல்வரை போய்ப் பணத்தையும் கொடுத்துவிட்டுப் பொருளை வாங்காமல் திரும்பியவனைப் போன்றவன். ஆகவே அந்த ஆட்டத்தில் தேர்ந்தவர்கள் எப்போதும் வகுப்பும் தலைக்கவசமும் கூட்டித் தரும் எண்களையும் சேர்த்து, மொத்தம் ஒரு பத்தின் மடங்கில் வந்து நிற்கும்படி கணக்குப் போட்டார்கள்.

மந்திரவாதியின் கணக்கு இதைவிடத் தீவிரமாக ஒருமுகத்தின் பக்கம் சாய்ந்தது. மந்திரம் ஓதும் நேரத்தைக் கைத்திறன் குறைக்கும். கைத்திறன் எல்லாம் சேர்ந்து 150 ஆனால், ஓதும் நேரமே இல்லாமல் போய்விடும். 75-இல் நேரம் பாதியாகும். 120-இல் ஐந்தில் ஒரு பங்கு மிஞ்சும். 135-இல் பத்தில் ஒரு பங்கு. முதல் 75 எண்கள் செய்த அதே வேலையை, அதாவது நேரத்தைப் பாதியாக்குவதை, 120-க்கும் 135-க்கும் இடையிலுள்ள 15 எண்கள் செய்துவிடுகின்றன. இப்படிப் போகப் போகப் பலன் பெருகும் விதி உள்ள இடத்தில் பாதி வழியில் நிற்பது மிக மோசமான தேர்வு.

இதற்கு முற்றிலும் மாறான விதியையும் பார்க்கலாம். 2003-இல் தொடங்கிய ஈவ் ஆன்லைன் ஆட்டத்தில் லெவல் என்பதே கதாபாத்திரத்துக்கு இல்லை. ஒவ்வொரு ஸ்கில்லுக்கும் ஐந்து படிகள் உண்டு, அவை நிஜ நேரத்தில் பயிற்சியால் ஏறும். எளிய ஸ்கில் ஒன்றின் நான்காம் படிக்கு 45,255 ஸ்கில் புள்ளிகள் போதும், ஐந்தாம் படிக்கு 2,56,000 வேண்டும். ஆனால் படிக்கு 5 சதவீதம் பலன் தரும் ஸ்கில்லில் நான்காம் படி 20 சதவீதமும் ஐந்தாம் படி 25 சதவீதமும் தருகின்றன. பலனில் ஐந்தில் நான்கு பங்கு, விலையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. இங்கே பரப்புவதே சரி: ஒரு ஸ்கில்லை ஐந்துக்கு ஏற்றும் காலத்தில் அதே தரத்து ஸ்கில்கள் ஐந்தை நான்காம் படிக்குக் கொண்டுவந்துவிடலாம். ஐந்தாம் படியை முன்நிபந்தனையாகக் கேட்கும் உயர்வகைக் கப்பல்கள் இருப்பதால், ஓட்ட விரும்பும் கப்பல் எது என்று உறுதியான பிறகு அந்த ஒரு ஸ்கில்லை மட்டும் முடிப்பது வழக்கம்.

2013-இல் வந்த பாத் ஆஃப் எக்ஸைல் மூன்றாவது வகை. ஏழு வகுப்புகளும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கணுக்களைக் (புள்ளி போட்டுத் திறக்கும் சிறு பலன்களைக்) கொண்ட ஒரே பெரிய திறமை மரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. வகுப்புக்கு வகுப்பு தொடங்கும் இடம்தான் மாறுகிறது. டேமேஜைக் (அடியால் எதிரிக்கு ஏற்படும் பாதிப்பைக்) கூட்டும் கணுக்களில், ஒன்றோடொன்று கூட்டப்படுபவை ஒரு வகை. தனியாகப் பெருக்கப்படுபவை இன்னொரு வகை. கூட்டல் வகையில் ஏற்கெனவே 300 சதவீதம் சேர்த்து வைத்திருப்பவர், மேலும் 20 சதவீதம் தரும் கணுவை எடுத்தால் அவருடைய டேமேஜ் 4 மடங்கிலிருந்து 4.2 மடங்காகிறது, உண்மையான வளர்ச்சி 5 சதவீதம் மட்டுமே. அதே 20 சதவீதம் பெருக்கல் வகையில் கிடைத்தால் முழுதாக 20 சதவீதமும் வளர்ச்சியாகும். ஒரே வகை எண்ணை மலைபோல் குவித்தவர் தன் பில்ட் ஏன் வளரவில்லை என்று குழம்புவது இதனால்தான். கிரிட்டிகல் அடி (இடையிடையே விழும் மிக வலுவான அடி) விழும் வாய்ப்பும் கிரிட்டிகல் அடியின் பலமும் ஒன்றையொன்று பெருக்குபவை. ஒன்றை மட்டும் ஏற்றினால் பலன் குறைவு.

இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், ஒருமுகம் என்ற சொல்லையே கொஞ்சம் திருத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஒரே எண்ணை உயர்த்துவது ஒருமுகம் ஆகாது. ஒரே வேலைக்கு உழைக்கும் பல எண்களை அந்த ஆட்டத்தின் விதிக்கு ஏற்ற விகிதத்தில் உயர்த்துவதையே ஒருமுகம் என்று சொல்ல வேண்டும்.

கலப்பு எப்போது பலிக்கும்

வேலைகள் இரண்டாக இருந்தும் அவை ஒரே எண்ணையோ ஒரே ஸ்கில்லையோ சார்ந்து நின்றால், கலப்பு பில்ட் நட்டம் இல்லாமல் நடக்கும். 2004-இல் வெளிவந்த வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்டின் முதல் காலத்தில் ஒரு கதாபாத்திரத்துக்கு 60-ஆவது லெவலில் 51 டேலண்ட் (கூடுதல் திறமை) புள்ளிகள் இருந்தன. ஒவ்வொரு வகுப்புக்கும் மூன்று மரங்கள், மரத்தின் உச்சியிலுள்ள டேலண்ட்டை எடுக்க அந்த மரத்திலேயே 30 புள்ளிகள் போட்டிருக்க வேண்டும். அந்தக் காலத்து ஷாமன் வகுப்பினரிடம் புகழ்பெற்றிருந்த ஒரு பகிர்வு, மின்னல் மரத்தில் 30, குணப்படுத்தும் மரத்தில் 21 என்பது. மின்னல் மரத்தின் உச்சி டேலண்ட்டை ஒரே ஒரு புள்ளியில் கைவிட்டு, மற்ற மரத்தின் 21-ஆவது புள்ளியில் இருக்கும் ஒரு டேலண்ட்டை எடுப்பதே அதன் நோக்கம். அடுத்து ஓதும் இயற்கை மந்திரத்தைக் காத்திருக்காமல் உடனே செலுத்தும் பொத்தான் அது. ஷாமனின் மின்னலும் குணப்படுத்தலும் இரண்டுமே இயற்கை மந்திரங்கள். எதிரி சாகும் தறுவாயில் இருந்தால் அந்தப் பொத்தான் மின்னலுக்கு. நண்பன் சாகும் தறுவாயில் இருந்தால் அதே பொத்தான் மருந்துக்கு. ஒரே முதலீட்டில் இரண்டு வேலைகள்.

அதே ஆட்டத்தின் ட்ரூயிட் வகுப்புக்கு அந்த வசதி கிடைக்கவில்லை. விலங்கு வடிவத்தில் சண்டையிட வலிமையும் வேகமும் உள்ள கியர் (அணியும் கவசம், ஆயுதம் முதலியவை) வேண்டும். குணப்படுத்த அறிவும் மந்திர பலமும் உள்ள கியர் வேண்டும். டேலண்ட்டைப் பாதி பாதியாகப் பிரித்தவரின் உடம்பில் ஒரு நேரத்தில் ஒரு கியர்தான் இருக்கும் என்பதால், எந்த வேலையைச் செய்தாலும் புள்ளிகளில் பாதி உறங்கிக்கொண்டிருக்கும். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்ற நிலை. பையில் இரண்டாவது கியரைச் சுமந்து திரிந்தவர்கள் உண்டு. ஆனால் சண்டைக்கு நடுவில் கியரை மாற்ற முடியாது.

என் இரண்டாவது சூனியக்காரி தோற்றதற்கும் இதுவே காரணம். நெருப்புக்குப் போட்ட புள்ளி பனிக்கு உதவவில்லை, பனிக்குப் போட்டது நெருப்புக்கு உதவவில்லை. முதலாமவளைக் காப்பாற்றியிருக்கக்கூடிய வழி வேறொன்று இருந்தது: நெருப்பையே முழு வேலையாக வைத்துக்கொண்டு, நெருப்பு பாதிக்காதவற்றை ஒதுக்கிவிட்டு நடப்பது அல்லது அவற்றைக் கவனித்துக்கொள்ளக்கூடிய ஒருவரோடு சேர்ந்து ஆடுவது.

தனியாக ஆடுவதும் கூட்டத்தோடு ஆடுவதும்

கூட்டத்தோடு ஆடுவது என்று வந்ததும், அதே பில்ட்டின் மதிப்பு தலைகீழாக மாறக்கூடும். ராக்னராக் ஆட்டத்தின் நைட் வகுப்பில் இதை நெருக்கமாகப் பார்க்கலாம். வேகத்தை உயர்த்திய நைட் அடிகளைத் தவிர்ப்பான், இருகை வாளோடு படபடவென்று வெட்டுவான். அடியே விழாததால் மருந்துச் செலவு குறைவு, தனியாக லெவல் ஏற இதைவிடச் சுகமான வழி இல்லை. உடல்திடத்தை உயர்த்திய நைட் அடிகளை வாங்கித் தாங்குவான். தனியாக ஆடினால் மருந்துப் பை சீக்கிரம் காலியாகும், மான்ஸ்டரைச் சாய்க்கவும் நேரமாகும்.

இப்போது இருவரையும் ஒரு பார்ட்டியில் (சேர்ந்து ஆடும் குழுவில்) முன்னால் நிறுத்திப் பாருங்கள். பழைய விதிப்படி, ஒருவனைச் சூழ்ந்து அடிக்கும் மான்ஸ்டர்கள் இரண்டுக்கு மேல் போனால், கூடுதலாக வரும் ஒவ்வொன்றுக்கும் தவிர்க்கும் திறன் 10 சதவீதம் குறையும். பின்னால் நிற்கும் மந்திரவாதிக்காக ஏழெட்டு மான்ஸ்டர்களைத் தன் மேல் இழுத்துப் பிடிக்க வேண்டியதுதான் முன்னால் நிற்பவனின் வேலை. வேக நைட்டின் முழு முதலீடும் சரிந்து விழுவது சரியாக அந்த இடத்தில்தான். மந்திரத் தாக்குதல்களையும் அவனால் தவிர்க்க முடியாது. உடல்திட நைட் அங்கே அசையாமல் நிற்பான், பின்னால் ஒரு ப்ரீஸ்ட் குணப்படுத்திக்கொண்டே இருப்பார், மருந்துச் செலவு என்ற குறை காணாமல் போய்விடும். தனியாக ஆடும்போது பலவீனமாகத் தெரிந்தது, கூட்டத்தில் தேவையே இல்லாத கவலையாகிவிட்டது.

ஹீலர் பில்ட்டுக்கும் இதே கணக்குதான். முழுக்க முழுக்கக் குணப்படுத்தலில் குவித்தவர் பார்ட்டியில் எல்லோருக்கும் வேண்டப்பட்டவர். ஆனால் நண்பர்கள் யாரும் ஆன்லைனில் இல்லாத இரவில் ஒரு சாதாரண குவெஸ்ட்டை முடிக்கக்கூட அவருக்கு நெடுநேரம் ஆகும். ஆகவே வாரத்தில் எத்தனை மணி நேரம் தனியாக ஆடுகிறோம், எத்தனை மணி நேரம் கூட்டத்தோடு ஆடுகிறோம் என்று நேர்மையாகக் கணக்கிட்ட பிறகுதான் இதைத் தீர்மானிக்க வேண்டும். கில்ட் என்ற ஆட்டக்காரர் சங்கத்தில் சேர்ந்து பெரிய சண்டைகளுக்குப் போகப்போகிறேன் என்று கனவு கண்டு, அடிகளைத் தாங்கும் டேங்க் பில்ட்டை எடுத்து, ஆறு மாதங்கள் தனியாக ஊர்ந்தவர்களை நான் அறிவேன். அவர்களில் பெரும்பாலோர் அந்தப் பெரிய சண்டையைப் பார்ப்பதற்கு முன்பே ஆட்டத்தை விட்டுவிட்டார்கள்.

தவறின் விலை

மேற்சொன்ன கணக்கில் தவறிவிட்டால் என்ன ஆகும் என்பது ஆட்டத்துக்கு ஆட்டம் மாறுகிறது. எவ்வளவு துணிச்சலாகச் சோதித்துப் பார்க்கலாம் என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

1997-இல் வந்த அல்டிமா ஆன்லைனில் வகுப்பே இல்லை. அதன் பழைய விதிப்படி மொத்த ஸ்கில் வரம்பு 700, ஒரு ஸ்கில்லின் வரம்பு 100, எனவே ஏழு ஸ்கில்களை உச்சத்துக்குக் கொண்டுபோக முடிந்தது. எந்த ஸ்கில் ஏற வேண்டும், எது இறங்கலாம், எது அப்படியே நிற்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் குறி வைத்துவிட்டால், புதியது ஏற ஏறப் பழையது தானாகக் கரையும். அங்கே மனம் மாறுவதற்கு விலை நேரம் மட்டும்தான். வார்கிராஃப்ட்டில் தொடக்கத்தில் ரீஸ்பெக்குக்கு, அதாவது போட்ட புள்ளிகளைக் கலைத்து மறுபடி போடுவதற்கு, முதல்முறை 1 கோல்ட், அடுத்து 5, பிறகு ஐந்தைந்தாக ஏறி 50 கோல்ட் வரை வாங்கினார்கள்; வாரத்தில் ஒருநாள் குணப்படுத்தவும் மற்ற நாள்களில் சண்டையிடவும் விரும்பியவருக்கு அது தொடர்ச்சியான வரி. 2009-இல் 1,000 கோல்ட்டுக்கு இரண்டு டேலண்ட் அமைப்புகளை வைத்துக்கொள்ளும் வசதி வந்ததும், கலப்பு பில்ட்டுக்கான தேவை பாதியாவது குறைந்தது என்பது என் மதிப்பீடு: இரண்டு முழுமையான ஒருமுக பில்ட்கள் கையில் இருக்கும்போது அரைகுறையான ஒன்றை யார் தேடுவார்கள்? 2010-இல் ஒரு மரத்தில் 31 புள்ளிகளை முடித்த பிறகே அடுத்த மரத்தைத் தொடலாம் என்று விதித்து, வடிவமைப்பாளர்களே அந்த விவாதத்துக்குக் கதவைச் சாத்தினார்கள். 2012-இல் மரங்களையே வெட்டினார்கள், 2022-இல் மறுபடியும் நட்டார்கள்.

டயாப்லோ 2-இல் கதை வேறு. திரும்பப் பெற முடியாத புள்ளி என்பதால், 24-ஆவது அல்லது 30-ஆவது லெவலில் திறக்கும் வலிய ஸ்கில்லுக்காக எல்லாவற்றையும் சேமித்துக்கொண்டு, அதுவரை அடிபட்டு மிதிபட்டு வளர்வது வழக்கமாக இருந்தது. 2003-இல் வந்த 1.10 பேட்ச் (ஆட்டத்தைத் திருத்தும் புதுப்பிப்பு), கீழ்நிலை ஸ்கில்லில் போட்ட புள்ளி மேல்நிலை ஸ்கில்லின் டேமேஜையும் உயர்த்தும் என்று விதியை மாற்றியது. சேமித்து வைத்திருந்தவருக்கு அது நல்வாய்ப்பு; முன்பே பல பக்கமும் பரப்பியிருந்தவருக்கு வளர்த்த கதாபாத்திரம் ஒரே நாளில் பழசாகிவிட்டது. திருத்த வழி வந்தது 2010-இல், 1.13 பேட்ச்சில், ஒரு கடின நிலைக்கு ஒருமுறை இலவசம். இப்படிப் பூட்டிய ஆட்டத்தில், பேட்ச் எப்போது வேண்டுமானாலும் விதியை மாற்றும் என்பதையும் சேர்த்து நினைத்து, சில புள்ளிகளைச் செலவிடாமல் கையில் வைத்திருப்பது கஞ்சத்தனம் ஆகாது.

எதிர்முனையில் நிற்பது 2005-இல் வந்த கில்ட் வார்ஸ். 20-ஆவது லெவலே உச்சம், 200 பண்புப் புள்ளிகள், எட்டே எட்டு ஸ்கில்களை மட்டும் கொண்டு ஊரை விட்டு வெளியே போகலாம். ஊருக்குத் திரும்பினால் எல்லாவற்றையும் கலைத்து மறுபடி அடுக்கலாம். ஒரு பண்பை 12-க்கு ஏற்ற 97 புள்ளிகள் ஆகும் என்பதால், இரண்டு பண்புகளை 12-க்கு ஏற்றினால் 6 புள்ளிகள்தான் மிஞ்சும். 12, 10, 8 என்று மூன்றாகவும் பிரிக்கலாம், அதற்கு 195. இரண்டில் எது மேல் என்று மணிக்கணக்கில் விவாதிப்பதைவிட, மாலையில் ஒன்றையும் இரவில் மற்றொன்றையும் ஆடிப் பார்ப்பது எளிது. ஃபைனல் ஃபேன்டஸி 14-இல் இந்தக் கேள்வியே வேறு வடிவம் எடுக்கிறது: ஆயுதத்தை மாற்றினால் வகுப்பே மாறிவிடும், ஒரே கதாபாத்திரம் எல்லா வகுப்புகளையும் கற்கலாம். செலவாவது லெவல் ஏற்றும் நேரம் மட்டுமே.

கைட்டைப் பின்பற்றுவதா, சொந்தமாக அமைப்பதா

பூட்டிய ஆட்டத்தில் முதல் கதாபாத்திரத்துக்கு, மற்றவர்கள் ஆடிப் பார்த்துத் தந்த வழிகாட்டியான கைட்டைப் பின்பற்றுங்கள் என்பதே என் ஆலோசனை. திறந்த ஆட்டத்தில் சொந்தமாக முயலலாம். ஆனால் கைட்டைத் தேர்ந்தெடுப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. வீடியோவில் கண்ணிமைக்கும் நேரத்தில் பெரிய பாஸை (தலைமை எதிரியை) சாய்க்கும் பில்ட், அநேகமாக மிக அரிதான கியரை அணிந்திருக்கும். அதே பில்ட்டைத் தரையில் பொறுக்கிய கியரோடு நாம் ஆடினால், அது இரண்டாவது அத்தியாயத்திலேயே திணறும். பாத் ஆஃப் எக்ஸைல் ஆடுபவர்கள் இதற்காகவே லீக் ஸ்டார்ட்டர் என்று ஒரு தனி வகையைப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: எல்லோரும் வெறுங்கையோடு தொடங்கும் புதிய லீக்கின் முதல் வாரத்தில், சாதாரண கியரோடு ஓடக்கூடிய பில்ட். கைட்டில் நாம் முதலில் தேட வேண்டியது இறுதி டேமேஜ் எண்ணைக் காட்டிலும், 30-ஆவது லெவலில் இந்த பில்ட் என்ன செய்துகொண்டிருக்கும் என்பதுதான். அதைச் சொல்லாத கைட், சிகரத்தின் படத்தைக் காட்டிவிட்டு வழியைச் சொல்லாமல் விடுகிறது.

கைட் எழுதப்பட்ட பேட்ச் எண்ணையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நெர்ஃப் ஆன, அதாவது பேட்ச்சில் பலம் குறைக்கப்பட்ட, ஸ்கில்லை மையமாகக் கொண்ட பழைய கைட்டைப் பின்பற்றுவதைவிட, சொந்த அறிவில் தடுமாறுவது மேல். அதிலாவது எங்கே தவறினோம் என்பது தெரியும்.

சொந்தமாக அமைப்பதன் உண்மையான பலன், விதிகளின் ஓரத்தில் யாரும் எதிர்பாராத இடம் ஒன்று அகப்படுவதில் இருக்கிறது. கில்ட் வார்ஸில் மங்க் வகுப்பின் ஒரு காப்பு மந்திரம், ஒரே அடியில் மொத்த உயிரின் 10 சதவீதத்துக்கு மேல் இழக்காதபடி தடுக்கும். உயிர் நிறைய இருக்க வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைப்போம். சில ஆட்டக்காரர்கள் நேர்மாறாக யோசித்தார்கள்: உயிரைக் குறைக்கும் தண்டனையோடு வரும் ரூன்களையும் (கவசத்தில் பதிக்கும் பொருள்கள்) மற்ற கியரையும் வேண்டுமென்றே அணிந்து, 480-ஐ 55-ஆக இறக்கினார்கள். அப்போது எவ்வளவு பெரிய அரக்கன் அடித்தாலும் போவது 5 மட்டுமே, அதைத் தொடர் குணமாக்கும் மந்திரம் ஈடுகட்டிவிடும். தனி ஒருவர் ஒரு கூட்டத்தின் நடுவில் போய் நிற்க முடிந்தது. ஒருமுக பில்ட்டின் உச்சம் என்று இதைச் சொல்லலாம். அதன் பலவீனமும் அதே அளவு உச்சமானது: காப்பு மந்திரத்தைக் கழற்றும் ஒரே ஒரு எதிரி வந்தால், 55 உயிர் ஒரே அடியில் முடிந்துவிடும்.

இவற்றுக்கெல்லாம் அப்பால் எந்தக் கணக்கிலும் ஏறாத ஒன்று உண்டு: அந்த பில்ட்டை ஆடும்போது விரல்கள் என்ன செய்கின்றன என்பது. 10 சதவீதம் அதிக டேமேஜ் தரும் பில்ட், ஒரே பொத்தானை இருநூறு மணி நேரம் அழுத்தச் சொன்னால், அந்த 10 சதவீதத்தை நம் சலிப்பு தின்றுவிடும். அம்பு எய்துவிட்டு நகர்வதில் மகிழ்பவர் டேங்க் பில்ட்டில் நீண்ட நாள் நிலைப்பதில்லை. எனவே இரண்டு தேர்வுகளுக்கு இடையில் கணக்கு 10, 15 சதவீதத்துக்குள் மட்டுமே வேறுபட்டால், நான் கணக்கைப் பார்ப்பதில்லை. கை எதை விரும்புகிறதோ அதையே எடுக்கிறேன்.

ஆகப் புள்ளிகளைத் திருப்பித் தராத ஆட்டத்தில் தனியாக ஆடப்போகிறவருக்கு, எளிய கியரோடு ஓடக்கூடிய ஒருமுக பில்ட்டையே சொல்வேன்; அதுவும் தாக்குதல், உயிர்காப்பு இரண்டையும் ஒரே எண் ஊட்டும் வகுப்பாக இருந்தால் இன்னும் நல்லது. நிலையான பார்ட்டி உள்ளவர் தன் பார்ட்டியில் இல்லாத வேலையைக் கேட்டறிந்து, அதில் முழுமையாகக் குவிக்கலாம். இரவில் யார் ஆன்லைனில் இருப்பார்கள் என்று தெரியாதவருக்கு, ஷாமனின் அந்த ஒற்றைப் பொத்தானைப் போல இரண்டு வேலைகளும் ஒரே முதலீட்டில் நடக்கும் கலப்பைத் தேடுவது பொருத்தம். அப்படி ஒன்று அந்த ஆட்டத்தில் இல்லையென்றால், இரண்டாவது கதாபாத்திரம் ஒன்றைத் தொடங்குவது மேல். மூன்றாவது சூனியக்காரியை நான் 1.10 பேட்ச்சுக்குப் பிறகு தொடங்கினேன். பனியை மட்டுமே கற்றுக்கொடுத்தேன். பனி பாதிக்காத கூட்டம் வாசலில் நின்றால், நெருப்பு பில்ட் வைத்திருந்த நண்பன் ஆன்லைனில் இருக்கிறானா என்று பார்ப்பேன். இல்லையென்றால் சுற்றிக்கொண்டு வேறு வழியாகப் போவேன்.